நான்கு இயக்குநர்கள், ஒரே பேய்ப்படம்: சென்னையில் ஹாரர் ஆந்தாலஜி எடுக்கும் முறை

பேய்ப்படத்துக்கு வருகிறவர் முதல் பத்து நிமிடம் எதையும் நம்ப மாட்டார். பிறகு வீடு பழகும், மனிதர்கள் பழகுவார்கள், எந்த அறைக் கதவைத் திறக்கக்கூடாது என்பது அவருக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் பயம் பிடிக்கும். ஒரே கதையுள்ள படம் இந்தப் பயத்தை முதல் பாதியில் சேர்த்துவைத்து இரண்டாம் பாதியில் செலவு செய்கிறது. நான்கு பேர் நான்கு கதை எடுக்கும் ஆந்தாலஜியில் ஒவ்வொரு கதை முடியும்போதும் அந்தச் சேமிப்பு கரைந்துபோகும். தியேட்டரில் செல்போன் வெளிச்சம் தெரியத் தொடங்கும் இடம் அதுதான். அடுத்த இயக்குநர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கசிவை அடைப்பதற்காகத்தான்.

இந்தியில் 2003ல் வந்த ‘டர்னா மனா ஹை’ படத்தின் ஆறு கதைகளையும் பிரவால் ராமன் ஒருவரே இயக்கினார். 2006ல் வந்த ‘டர்னா ஜரூரி ஹை’யில் கதைகளைப் பல இயக்குநர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டிலும் கதை சொல்கிற, கேட்கிற ஒரு கூட்டம் படம் முழுக்கக் கூடவே வருகிறது. 2020 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘கோஸ்ட் ஸ்டோரீஸ்’ வேறு மாதிரி. ஜோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் நால்வரின் கதைகளும் தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் இணைப்பு இல்லை. ஓடிடிக்கு மட்டும் எடுப்பதானால் இணைப்பில்லாத வடிவம் போதும். ஒரு கதை பார்த்துவிட்டு மறுநாள் அடுத்தது பார்ப்பவர்கள் அங்கே அதிகம். தியேட்டருக்குப் போவதென்றால் இணைப்புக் கதை கட்டாயம் வேண்டும். இந்த முடிவை டிஸ்கஷனின் முதல் நாளே எடுத்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் நான்கு ஸ்கிரிப்டையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

எத்தனை கதை, எத்தனை பக்கம்

எங்கள் கணக்கு நான்கு கதை, தலா 28 நிமிடம். இணைப்புக் கதைக்கு 14 நிமிடம். டைட்டில்களோடு 130 நிமிடத்துக்குள் முடியும். ஐந்து கதை வைத்தால் தலா 22 நிமிடம்தான் கிடைக்கும், அதுவே எல்லை. ஆறாவது இயக்குநர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சேர்க்காதீர்கள். பேய் வருவதற்கு முன் அந்தக் குடும்பத்தின் சாதாரண வாழ்க்கையைக் காட்ட எட்டு நிமிடமாவது வேண்டும். 18 நிமிடக் கதையில் அந்த எட்டு நிமிடத்தை எடுத்துவிட்டால் மீதியில் ஒரு பேயை வரவழைத்து அனுப்பிவைக்க முடியாது.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கு ஹாரருக்குப் பொருந்தாது. ‘அவள் மாடிப்படி ஏறுகிறாள்’ என்பது தாளில் ஒரு வரி; திரையில் நாற்பது விநாடி. 28 நிமிடக் கதைக்கு 20 பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது. எழுதி முடித்ததும் ஒரு உதவி இயக்குநர் எழுந்து நடந்து காட்ட, இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து முழுக்கதையையும் நேரம் பாருங்கள். 32 நிமிடம் வந்தால் இப்போதே வெட்டுங்கள். எடிட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசியில் வெட்டுப்படுவது அந்த முதல் எட்டு நிமிடம்தான். பயம் வராததற்குக் காரணமும் அதுவாகவே இருக்கும்.

கதைக்கு உரிமைச் சிக்கல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதியதை எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிடுங்கள். பழைய சிறுகதையை எடுப்பதானால் அதை எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அல்லது அவரது எழுத்துகள் நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும். 1948ல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002லேயே நாட்டுடைமையாகிவிட்டன. பேயும் அமானுஷ்யமும் தேடுகிறவர்களுக்கு அவர் பெரிய சுரங்கம்.

பேய் விதிகளும் சுவரில் ஒரு பட்டியலும்

ஒவ்வொரு இயக்குநரும் தன் பேயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அது யார், ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, அதனால் என்ன முடியும், என்ன முடியாது, எதனால் நிற்கும்? ஐந்து கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். நான்கு பேயும் ஒரே மாதிரி நடக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் முதல் கதையில் சுவரைத் தாண்டி வந்த பேயைப் பார்த்தவர், இரண்டாம் கதையில் பேய் கதவருகே நின்றால் ‘ஏன் உள்ளே வரவில்லை’ என்று யோசிக்கத் தொடங்குவார். யோசிக்கிறவர் பயப்பட மாட்டார். அதனால் அந்தக் கதையின் விதியை அதன் முதல் எட்டு நிமிடத்துக்குள் ஒரு சின்னச் சம்பவத்தில் காட்டிவிடுங்கள். வசனத்தில் விளக்காதீர்கள்.

நம் ஊர்ப் பேய்களுக்கு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. முனி தன் எல்லையைத் தாண்டாது. கொள்ளிவாய்ப் பிசாசு தூரத்து நெருப்பாகத்தான் தெரியும். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதையைப் பாருங்கள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனைக் ‘கணவன்’ என்று சொல்லி ஊர்ச்சபையில் வழக்குத் தொடுக்கிறாள். அவன் ‘இது பேய்’ என்று கதறுகிறான், ஊர் அவளைத்தான் நம்புகிறது. அவனுக்கு ஆபத்து வராது என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் கடைசியில் தீப்பாய்கிறார்கள். நீலியின் பலம் நகத்திலோ பல்லிலோ இல்லை, ஊரை நம்பவைப்பதில் இருக்கிறது. இவ்வளவு துல்லியமான விதி கிடைத்தால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்குச் செலவே வேண்டாம். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல் என்று எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதைத் தவிர்க்கவும் இந்த ஒரு பக்கம் உதவும்.

அடுத்தது பட்டியல். டிஸ்கஷன் அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டுங்கள். கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசம், ஊஞ்சல், கிணறு, கண்ணாடி, பொம்மை, குழந்தை பாடும் பாட்டு, தானாகத் திறக்கும் குழாய், கதவு தட்டல், மாடியில் நடக்கும் சத்தம், தெரியாத எண்ணிலிருந்து போன் என்று பயமுறுத்தப் பயன்படும் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். ஒரு இயக்குநர் ஒன்றை எடுத்துக்கொண்டால் அவர் பெயரை எதிரே எழுத வேண்டும். மற்ற மூவரும் அதைத் தொடக்கூடாது. இதைச் செய்யாத குழுக்கள் முதல் ரஃப் கட்டில்தான் (முதற்கட்ட எடிட்டில்தான்) நான்கு கதையிலும் குளியலறைக் கண்ணாடி இருப்பதைக் கண்டுபிடிக்கும். திடுக்கிட வைக்கும் இடங்களையும் இப்படியே பங்கிடுங்கள். ஒரு கதைக்கு இரண்டு, படம் முழுக்க எட்டு. ஒன்பதாவது வரும்போது பார்வையாளர் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொள்வார்.

இணைப்புக் கதை

கதைக்குள் கதை நமக்குப் புதிதில்லை. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். வழியில் அது கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். கதை முடிகிற இடத்தில் கேட்பவனுக்கு ஆபத்து தொடங்குகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். கசிவை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் இணைப்புக் கதையைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: ஒரு கதை முடிந்ததும் இணைப்பில் இருப்பவர்களின் நிலைமை முன்பைவிட மோசமாகிறதா? ஆகவில்லை என்றால் அது வெறும் தொகுப்பாளர் வேலை, எடுத்துவிடலாம்.

ஒரு உதாரணம்: மின்தடையில் அடுக்குமாடி லிஃப்ட் நின்றுவிடுகிறது, உள்ளே ஐந்து பேர். ஒருவர் கதை சொல்லி முடித்ததும் லிஃப்ட் ஒரு மாடி கீழே இறங்கி நிற்கிறது. அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்துக்குக் கீழே மாடியே கிடையாது என்பது ஐவருக்கும் தெரியும், எண்கள் மட்டும் இறங்கிக்கொண்டே போகின்றன. இதற்கு ஆறுக்கு ஆறடி லிஃப்ட் செட் போதும். நான்கு சுவரும் கூரையும் தனித்தனியாகக் கழற்றும்படி ஆர்ட் டைரக்டரிடம் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் கேமராவுக்கு இடமில்லாமல் மூன்று நாள் வேலை ஆறு நாளாகும்.

நிமிடப் பங்கீடு: தொடக்கம் 4, நடுவில் மூன்று இணைப்பு தலா 2, முடிவு 4. இணைப்பில் காமெடி வைக்காதீர்கள். சிரித்தவுடன் உடம்பு தளர்ந்துவிடும், அடுத்த கதைக்கு அது இரட்டைச் சுமை. இணைப்பைக் கடைசியில்தான் படம்பிடிக்க வேண்டும். நான்கு கதையின் ரஃப் கட்டையும் பார்த்த பிறகே எந்தப் பொருளை, எந்தச் சத்தத்தை லிஃப்டுக்குள் கொண்டுவருவது என்று தெரியும். முதல் கதையில் கேட்ட கொலுசு மூன்றாம் கதைக்கு முன் லிஃப்டின் மேல்கூரையில் கேட்டால், வடிந்த பயம் பாதியாவது திரும்பும். கொலுசு ஒருவருக்குத்தான் என்ற பட்டியல் விதிக்கு இணைப்புக் கதை மட்டும் விலக்கு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் ஈலிங் ஸ்டுடியோ 1945ல் நான்கு இயக்குநர்களை வைத்து எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’ இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் வெளியிட்டபோது இரண்டு கதைகளை வெட்டினார்கள். வெட்டிய கதைக்கு உரியவர் இணைப்பில் மட்டும் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தார், பார்த்தவர்கள் குழம்பினார்கள். உங்கள் படத்திலும் ஒரு கதையைத் தூக்க வேண்டிய நிலை வரலாம். அதனால் இணைப்பு எடுக்கும்போது முக்கியமான ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு ஆள் குறைவாக இன்னொரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக அரை நாள்தான் ஆகும்.

வரிசையும் இடைவேளையும்

மேலே சொன்ன நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள்: 4, 28, 2, 28. இயல்பாக இடைவேளை விழும் இடம் இரண்டாம் கதைக்கும் மூன்றாம் கதைக்கும் நடுவே. ஆந்தாலஜிக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. இரண்டு கதை முடிந்துவிட்டது, எதுவும் பாக்கியில்லை. பாப்கார்ன் வாங்கப் போனவருக்குத் திரும்பி வர அவசரம் இருக்காது. இரண்டாம் கதையின் இருபதாவது நிமிடத்தில், கை கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும்போது இடைவேளை விடுங்கள். முதல் பாதி 54 நிமிடம், இரண்டாம் பாதி 76 சொச்சம். இடைவேளை தன் கதைக்குள் வரப்போகிறது என்பது அந்த இயக்குநருக்கு எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஓடிடி பதிப்பில் இடைவேளை கார்டு இருக்காது என்பதால், அந்த ஷாட்டின் இருபக்கமும் இரண்டு விநாடி அதிகமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வரிசையைப் பெயரின் பிரபலத்தை வைத்து முடிவுசெய்யக்கூடாது. வேகமாகத் தொடங்கும் கதை முதலில். நடுவில் சட்டென்று திரும்பும் கதை இரண்டாவது, ஏனென்றால் அதற்குத்தான் இடைவேளையைத் தாங்கும் முதுகெலும்பு இருக்கும். மெதுவாக ஊறும் கதை மூன்றாவது. மனதைப் பிசையும் கதை கடைசியில்; பேயைவிடத் துக்கம் அதிகமுள்ள கதைக்குப் பிறகு இன்னொரு பேயைக் காட்டினால் எடுபடாது. ரஃப் கட் வந்ததும் படத்தில் வேலை செய்யாத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டி, வரிசையை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஒப்பந்தம்

நான்கு இயக்குநர்களும் கையெழுத்திட வேண்டிய காகிதத்தில் இவை இருக்க வேண்டும்: ஃபைனல் கட் (கடைசி எடிட் முடிவு) யாருடையது, வரிசையை முடிவுசெய்வது யார், டைட்டிலில் பெயர் வரும் முறை, பட்ஜெட் தாண்டினால் யார் பொறுப்பு, ஒரு கதை நீக்கப்பட்டால் சம்பளம் என்னவாகும். நால்வருக்கும் மேலே ஒரே ஒருவர் வேண்டும். தயாரிப்பாளரோ, கிரியேட்டிவ் புரொடியூசரோ. அவர் நான்கில் எதையும் இயக்கக்கூடாது. தன் கதையும் உள்ளே இருப்பவரால் இன்னொருவர் கதையில் நான்கு நிமிடம் வெட்டச் சொல்ல முடியாது. சொன்னாலும் மற்றவர் ஏற்கமாட்டார்.

படப்பிடிப்பு

தலா ஆறு நாள், இணைப்புக்கு மூன்று நாள், மொத்தம் 27 நாள். கேமரா, லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் 27 நாளுக்கும் ஒரே வாடகையாகப் பேசுங்கள். சாலிகிராமம், வடபழனிப் பக்கத்து யூனிட்டுகளில் நாள் கணக்கைவிட மொத்தக் கணக்குக்குக் கணிசமாகக் குறைத்துத் தருவார்கள். ஒளிப்பதிவாளர் கதைக்கொருவர் இருக்கலாம். ஆனால் கேமரா மாடல், 24 ஃபிரேம், 2.39 திரை விகிதம், கலர் செட்டிங் நான்கும் எல்லோருக்கும் ஒன்றே. ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்ற அளவு) 180 டிகிரி வேண்டாம், 172.8 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. 172.8 டிகிரியில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருக்கும், இரண்டு துடிப்பு முழுதாக உள்ளே விழும். 180ல் அது நாற்பத்தெட்டில் ஒரு விநாடி ஆகி, சுவரில் மெல்லிய பட்டை ஊர்ந்துபோவது தெரியும். மலிவான எல்இடி பல்புகளை இதிலும் நம்ப முடியாது. லொகேஷன் பார்க்கும்போதே கேமராவில் ஓட்டிப் பாருங்கள்.

மாதம் பார்த்து நாள் குறியுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, வெளிப்புற இரவுக்கு நம்ப முடியாது. மார்கழியில் அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடும், படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதியும் சிங்க் சவுண்ட் எடுக்கிறவர்களுக்குச் சிரமம். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரையில்தான் நல்ல காலம். ஜனவரியில் மாலை 6.30க்கு இருட்டிவிடும், காலை ஆறு மணி வரை வானம் வெளுக்காது. ஜூனில் ஏழுக்குத்தான் இருட்டு, 5.15க்கே வெளிச்சம், ஒரே இரவில் ஒன்றேகால் மணி நேரம் போய்விடுகிறது. வீடு பிடிக்கும்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் பாதையைப் பாருங்கள். பரங்கிமலை, பல்லாவரம், மணப்பாக்கம் பகுதிகளில் எவ்வளவு நல்ல பழைய வீடு கிடைத்தாலும் சிங்க் சவுண்டுக்கு எடுக்காதீர்கள். எடுக்கும் வீட்டை உண்மையான பெயரிலோ அடையாளம் தெரியும்படியோ காட்டவும் வேண்டாம். ‘பேய் வீடு’ என்று பேர் வாங்கிவிட்டால் பிறகு அங்கே குடியிருப்பவர்கள்தான் கஷ்டப்படுவார்கள்.

ஒவ்வொரு அறையிலும் ஃபேன், ஏசி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தி, யூனிட் மொத்தமும் அசையாமல் நிற்க, 60 விநாடி அறையின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள். ஹாரரில் இதுதான் பாதிப் படம். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் அன்றைய வேலை முடிந்ததும் மறக்காமல் மறுபடி ஆன் செய்வார், வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெடாது.

*புகை.* அறைக்குள் வெளிச்சக்கதிர் தெரிய ஹேஸ் மெஷின் போதும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, புகை சமமாகப் பரவும் வரை காத்திருந்து டேக் போங்கள். இல்லாவிட்டால் ஒரே காட்சியில் ஒரு ஷாட் தெளிவாகவும் அடுத்தது மூட்டமாகவும் வரும், டிஐயில் (நிறத் திருத்தத்தில்) ஒட்டவைப்பது கடினம். தரையோடு தவழும் புகைக்கு டிரை ஐஸ். அது மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதிலிருந்து வரும் கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். பிணமாகத் தரையில் படுத்திருக்கும் நடிகர் அதைத்தான் சுவாசிப்பார். மூடிய அறையில் தரையில் ஆள் படுத்திருக்கும் ஷாட்டுக்கு டிரை ஐஸ் பயன்படுத்தவே வேண்டாம். மற்ற ஷாட்டுகளுக்கும் ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

*ரத்தம்.* ஏறக்குறைய 800 மில்லிக்கு: லிக்விட் குளுக்கோஸ் 700 கிராம், வெந்நீர் 250 மில்லி, சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, சிவப்பு உணவு நிறமி இரண்டு தேக்கரண்டி, கெட்டி காபி டிகாக்‌ஷன் இரண்டு தேக்கரண்டி, நீல நிறமி இரண்டு மூன்று சொட்டு. மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து, வெந்நீரில் ஊற்றி ஒரு கொதி விட்டு, ஆறியபின் மற்றதைச் சேருங்கள். டிகாக்‌ஷன் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி பளபளக்கும். நீலம் கூடிப்போனால் லைட்டில் கறுப்பாகத் தெரியும். நிறமியும் குளுக்கோஸும் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருக் கடைகளில் கிடைக்கும். துணியில் மட்டும் படுவதென்றால் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு தேக்கரண்டி கலந்தால் கறை எளிதாகப் போகும். வாயருகே வரும் ரத்தத்தில் கலக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் நேரடியாக அடித்தால் கறை போகவே போகாது, மேலே ஒரு ஃபிளெக்ஸோ பெயின்ட் அடித்த பிளைவுட்டோ வைத்து அதில் அடியுங்கள். சர்க்கரைப் பாகு என்பதால் சீக்கிரமே எறும்பு மொய்க்கும். படுத்திருக்கும் நடிகரைச் சுற்றிச் சாக்பீஸ் எறும்பு மருந்து போட நினைக்காமல், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ரத்தம் படும் உடை ஒவ்வொன்றிலும் மூன்று செட் வேண்டும்.

*குழந்தைகளும் மிருகங்களும்.* குழந்தை நடிக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவில் வேலையே கூடாது. ஆகவே குழந்தையின் இரவுக் காட்சியைப் பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் எடுக்க வேண்டும். துணியை வெளிப்பக்கம் சட்டம் அடித்துக் கட்டினால் ஜன்னல் கம்பியும் இருட்டும் இயல்பாகத் தெரியும். உள்ளே வெக்கை தாங்காது; அரை மணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போங்கள். பேய் வேடம் போடுபவரைக் குழந்தை மேக்கப் நாற்காலியிலேயே பார்த்துப் பேசிப் பழகிவிட வேண்டும். குழந்தையை உண்மையில் பயமுறுத்தி ரியாக்‌ஷன் எடுப்பது கொடுமை, எந்த ஷாட்டுக்கும் அது தேவையில்லை. பூனை, நாய் எதுவானாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும். அது இல்லாமல் சென்சாரில் நின்றுவிடுவீர்கள். ஆந்தை, நல்லபாம்பு போன்ற வன உயிர்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, கிராஃபிக்ஸில் செய்துகொள்ளுங்கள்.

சத்தம்: இதை மட்டும் ஒருவரிடம் கொடுங்கள்

எடிட்டர் நான்கு பேர் இருக்கலாம், இசையமைப்பாளரும் நான்கு பேர் இருக்கலாம். சவுண்ட் டிசைனரும் மிக்ஸ் செய்பவரும் படத்துக்கு ஒருவர்தான். நான்கு இடத்தில் மிக்ஸ் செய்து ஒட்டிய ஆந்தாலஜியில் இரண்டாம் கதையின் சாதாரண உரையாடலே முதல் கதையின் அலறலைவிடச் சத்தமாக இருக்கும். அதன்பின் யார் அலறினாலும் காதில் ஏறாது.

திடுக்கிடல் சத்தத்தின் அளவால் வருவதில்லை, அதற்கு முன்னிருந்த அமைதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தால் வருகிறது. ஆகவே முதலில் அமைதியைக் கட்டுங்கள். ஒன்றரை நிமிடம் முன்பிருந்தே இசையை எடுத்துவிட்டு, ஃபேன் சத்தம், தெருநாய், தூரத்து ரயில் என்று அடுக்கி, அவற்றை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கடைசி இரண்டு விநாடி அந்த அறையின் வெறும் சத்தம் மட்டும். முழு மௌனம் வைத்தால் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும். அந்த 60 விநாடிப் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். பிறகு திடுக்கிட வைக்கும் சத்தத்தின் அடி. அது உருவம் தெரியும் அதே ஃபிரேமில் விழ வேண்டும். ஒலி ஒரு ஃபிரேம் நேரத்தில் சுமார் 14 மீட்டர்தான் போகும் என்பதால் பெரிய தியேட்டரின் கடைசி வரிசைக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதமாகவே சேரும். எடிட் அறையில் ‘இன்னும் கொஞ்சம் லேட்’ என்று நீங்களும் இரண்டு ஃபிரேம் தள்ளினால் பின்வரிசையில் அடி தனியாக, படம் தனியாக ஆகிவிடும்.

கதை முடியும் இடத்தில் சத்தத்தைப் படத்தோடு சேர்த்து அணைக்காதீர்கள். திரை கறுத்த பிறகும் அந்த அறையின் ஒலி மூன்று நான்கு விநாடி தொடர்ந்து, இணைப்புக் கதையின் லிஃப்ட் இரைச்சலுக்குள் மெல்லக் கரையட்டும். கண்ணுக்குக் கதை முடிந்துவிட்டது, காதுக்கு முடியவில்லை. ஆந்தாலஜியின் கசிவை அடைக்கும் வேலைகளில் மிக மலிவானது இதுதான், பலன் மிக அதிகம். டைட்டில் கார்டில் இயக்குநர் பெயர் போடுவதானாலும் இந்த ஒலியின் மேலேயே போடுங்கள்.

தியேட்டர் மிக்ஸ் 85 டெசிபல் அளவுகோலில், ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 7ல் செய்யப்படும். ஆனால் பல தியேட்டர்களில் 5லோ அதற்கும் கீழோதான் ஓட்டுவார்கள். மிக்ஸ் முடிந்ததும் முழுப்படத்தையும் ஒருமுறை 5ல் வைத்துக் கேளுங்கள். கிசுகிசுப்பு ஏசி இரைச்சலுக்குள் போய்விட்டால் அதை மட்டும் உயர்த்துங்கள். ஓடிடிக்குத் தனி மிக்ஸ் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது உரையாடலின் சராசரி ஒலியளவில் மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ், இரண்டு கூடலாம், குறையலாம்; உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக்கூடாது. தியேட்டர் மிக்ஸை அப்படியே மொத்தமாகக் குறைத்து அனுப்பினால் வசனமே கேட்காது.

டிஐ, சென்சார், டெலிவரி

நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்டும் ஒருவர்தான். ஹாரர் என்றாலே இருட்டாக்குவது பெரிய தவறு; விளக்கு மங்கிய புரொஜெக்டர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, அங்கே உங்கள் இருட்டில் எதுவுமே தெரியாது. நடிகரின் கண்ணாவது எப்போதும் தெரிய வேண்டும். ஒவ்வொரு கதையிலிருந்தும் மிக இருட்டான ஒன்றரை நிமிடத்தை எடுத்து ஆறு நிமிட டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) செய்து, சாதாரண தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சிக்கு முன் ஓட்டிப் பார்த்துவிட்டு நிற அமைப்பைப் பூட்டுங்கள்.

சான்றிதழ் படம் முழுமைக்கும் ஒன்று. மூன்று கதை யு/ஏ 13+க்குத் தகுதியாக இருந்து நான்காவது ‘ஏ’ என்றால் படமே ‘ஏ’ ஆகும், தொலைக்காட்சி விற்பனை போய்விடும். இப்போது யு/ஏவில் 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவு இருக்கிறது. எதைக் குறிவைக்கிறோம் என்று ஸ்கிரிப்ட் நிலையிலேயே நான்கு பேரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். புகைபிடிக்கும் காட்சியிலும் இதே கதைதான். ஒரே ஒரு கதையில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தாலும் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படம் போட வேண்டும், அந்தக் காட்சி முழுக்கக் கீழே எழுத்து நிற்க வேண்டும். இருட்டுத் திரையில் அந்த எழுத்து ஒரு விளக்கு மாதிரி எரியும். ஹாரர் ஆந்தாலஜியில் யாருக்கும் சிகரெட் கொடுக்காதீர்கள்.

டிசிபி வந்ததும் நான்கு இயக்குநர்களும் ஒன்றாக, நடுவில் நிறுத்தாமல், இடைவேளையோடு பாருங்கள். ஒவ்வொருவரும் தன் கதையை விட்டுவிட்டு அடுத்தவர் கதையின் முதல் ஐந்து நிமிடத்தைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். கதை மாறும் மூன்று இடங்களிலும் இடைவேளைக்குப் பிந்தைய முதல் ஷாட்டிலும் ஒலி துண்டிக்காமல் வருகிறதா, சப்டைட்டில் முந்தைய கதையிலிருந்து வழிகிறதா என்று பார்த்து, அந்த நேரக் குறிகளை எழுதி அன்றிரவே லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.